சீட்டில் எழுதாத விவரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பகக் கட்டிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயப்படாமல் பரிசோதனைக்குப் போங்கள் என்று தைரியம் சொன்னதற்கு நன்றி. ஆனால், ஊசிப் பரிசோதனையில் ஃபைப்ரோஅடினோமா (புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டி) என்று வந்துவிட்டால் அதோடு கவலை விட்டது என்ற வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருபது வருடங்களாக அந்தப் பரிசோதனையின் ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர் நான். பெரும்பாலோருக்கு அதோடு கவலை விடும்தான். மீதிச் சிலருக்காக இந்தக் கடிதம்.

ஃபைப்ரோஅடினோமாவும் ஃபில்லோட்ஸும் ஒரே குடும்பத்துக் கட்டிகள். கைக்கு ஒன்றுபோலவே தட்டுப்படும். உருண்டையாக, வழுவழுவென்று, விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவும். ஸ்கேனிலும் பல சமயம் ஒரே சாயல்தான். வைத்தியம் மட்டும் வேறு. சிறிய ஃபைப்ரோஅடினோமாவை அப்படியே விட்டுக் கவனித்து வரலாம். ஃபில்லோட்ஸை எடுத்தாக வேண்டும். சரியாக எடுக்காவிட்டால் அதே இடத்தில் மறுபடி முளைக்கக்கூடும். மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இராத அரிய வகை இது. ஜெர்மன் மருத்துவர் யோஹன்னஸ் முல்லர் 1838இல் இதற்கு வைத்த பெயரில், ஒரு வகைப் புற்றுநோயைக் குறிக்கும் சார்கோமா என்ற சொல் இருந்தது. கேட்டாலே வயிற்றைக் கலக்கும் பெயர், ஆனால் இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக இருக்கும் சில மட்டும் இரத்தத்தின் வழியே நுரையீரல்வரை போகும்.

இனி ஸ்லைடுக்கு வருகிறேன். மெல்லிய ஊசியால் உறிஞ்சிய ஒரு துளியைக் கண்ணாடியில் இழுத்துத் தேய்த்து, சாயமேற்றிப் பார்க்கிறோம். ஃபைப்ரோஅடினோமா என்றால் பால் குழாய்ச் செல்கள் மான்கொம்பு போலக் கிளைவிட்டு நிற்கும். பக்கத்தில் தேனடை போல நெருங்கிய தகடுகள். சுற்றிலும், எள்ளை இறைத்த மாதிரி, செல்லின் மற்றப் பகுதி இல்லாமல் தனித்துக் கிடக்கும் சிறு உட்கருக்கள். பழகிய கண்ணுக்கு அரை நிமிடம் போதும். ஃபில்லோட்ஸிலும் இதே மான்கொம்பு, இதே எள் உண்டு. வித்தியாசம் பின்னணியில் இருக்கிறது. இணைப்புத் திசுத் துணுக்குகள் பெரிதாக, செல்கள் அடர்ந்து கிடக்கும். சிதறிய செல்களிலும் நூல் நூற்கும் கதிர் போல நீண்டவை கூடுதலாக இருக்கும். அவை 30 சதவீதத்தைத் தாண்டினால் ஃபில்லோட்ஸ் பக்கம் சாயலாம் என்பது ஒரு கணக்கு. ஆனால் இளம் வயதில் சில ஃபைப்ரோஅடினோமாக்களும் அதே அடர்த்தியோடு வரும். ஃபில்லோட்ஸின் ஒரு மூலை அச்சு அசலாக ஃபைப்ரோஅடினோமா போலவே இருக்கும். ஊசி அந்த மூலையில் இறங்கிவிட்டால் என்ன செய்வது?

அப்போதுதான் ஸ்லைடோடு வந்த சீட்டை, நோயாளியின் விவரம் எழுதி அனுப்பும் தாளை, எடுத்துப் பார்ப்பேன். ஒருமுறை வந்த சீட்டில் "மார்பில் கட்டி" என்ற இரண்டே சொற்கள். வயதுக்கான கட்டம் காலி. ஸ்லைடில் எல்லாம் சாதாரணமாகத்தான் தெரிந்தது, ஒரே ஒரு துணுக்கைத் தவிர. அதை மூன்று முறை திரும்பப் பார்த்தேன். மனசு ஆறாமல் போன் செய்து கேட்டபோதுதான் தெரிந்தது: அந்த அம்மாவுக்கு வயது நாற்பத்தாறு, கட்டி நான்கே மாதத்தில் இரண்டு மடங்காகியிருக்கிறது. அந்த வயதும் அந்த வேகமும் ஃபில்லோட்ஸைச் சந்தேகிக்க வைத்தன. "ஃபில்லோட்ஸை விலக்க முடியவில்லை, திசு எடுத்துப் பார்க்கவும்" என்று எழுதினேன். எடுத்துப் பார்த்தபோது ஃபில்லோட்ஸேதான். அன்றைக்கு போன் எடுக்கப்படாமல் போயிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கர்ப்பிணிக்கோ பால் கொடுக்கும் தாய்க்கோ சாதாரணக் கட்டியின் செல்கள்கூடப் பெருத்து, உட்கருவுக்குள் புள்ளி துலங்கி, ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து கிடக்கும். பார்த்தால் புற்றுநோய் என்றே சந்தேகம் தட்டும். கைக்குழந்தை இருக்கிறது என்று சீட்டில் ஒரு வார்த்தை இருந்தால் எங்கள் கை அங்கேயே நிதானிக்கும்.

இதனால் ஊசிப் பரிசோதனையே வீண் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வலி குறைவு, சீக்கிரம் முடிவு தெரியும், கத்தி படாது. கையால் பார்த்தது, ஸ்கேன், ஊசி மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் தாராளமாக நம்பலாம். ஒன்று முரண்டினாலும் தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். "விலக்க முடியவில்லை" என்று ரிப்போர்ட்டில் நாங்கள் எழுதுவதைச் சிலர் மழுப்பல் என்று நினைக்கிறார்கள். இல்லை, அடுத்த பரிசோதனையைச் செய்யுங்கள் என்று கேட்கிறோம். அந்த வரியைப் படிக்காமல் 'புற்றுநோய் இல்லை' என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிடுபவர்கள் உண்டு.

ஆகவே அடுத்த இதழில் சிறிதாக ஒரு பெட்டிச் செய்தி போட முடியுமா? ஊசிப் பரிசோதனைக்குப் போகும் பெண்கள் வயது, கட்டி எப்போது தெரிந்தது, வளர்கிறதா, கர்ப்பமா, பால் கொடுக்கிறார்களா, முன்பு அதே இடத்தில் கட்டி எடுத்ததுண்டா, இவற்றைத் தாங்களே சொல்லிச் சீட்டில் எழுத வைக்க வேண்டும் என்று. அப்புறம், பழைய ஸ்லைடு இருந்தால் அதையும் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு நோய்க்குறியியல் மருத்துவர்