படத்தைத் திருப்பிப் பெயர் எழுதுங்கள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கம் கால்பந்து கிளப்பும், கேரம் கிளப்பும், பாக்சிங் கூடமும், கானாக் குழுவும் நடத்துகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள், விடிய விடிய கானா பாடினீர்கள், பூப்பல்லக்கு கட்டி மூலக்கொத்தளம் சுடுகாடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அந்த வீட்டில் ஆள் கிடையாது. நீங்கள் இல்லையென்றால் அந்த வீட்டம்மா தனியாகத் தவித்துப் போயிருப்பார். முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

அந்த ஃப்ளெக்ஸில் இருந்த படம், இறந்தவருடைய தங்கச்சி மகள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. தோள்மேல் வேறு யாரோ ஒருவருடைய கை அப்படியே இருந்தது. கீழே கண்ணீர் அஞ்சலி, தோற்றம், மறைவு. பதினெட்டு வருஷம் எங்கள் கால்பந்து அணிக்குக் கோல் கீப்பராக நின்ற மனிதர் என்று ஒரு வரி இல்லை. க்ளவுஸ் போட்டு நிற்கிற படம் ஒன்றுகூட அவர் வீட்டில் கிடைக்கவில்லை. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை தம்பி. அவர் விளையாடியதை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்த நாங்கள்தான் உங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

அவர் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. வீட்டாரைக் கேட்காமல் ஊர் பார்க்கப் போட எனக்கு மனசு வரவில்லை. கிளப் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே அண்ணன் என்றே சொல்கிறேன்.

1986 ஜூன் மாதம், மெக்சிகோவில் உலகக் கோப்பை. எங்கள் தெருவில் டிவி இருந்த வீடு இரண்டே இரண்டு. அதில் ஒன்று அண்ணனுடைய அத்தை வீடு, கறுப்பு வெள்ளை டிவி. அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய காலிறுதி நம் கணக்குக்கு ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பம். படம் ஆடிக்கொண்டே இருந்தது. அண்ணன்தான் மாடிக்கு ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார். நாங்கள் கீழேயிருந்து, "தெரியுது, தெரியுது, அப்படியே பிடிண்ணே" என்று கத்தினோம். கையை எடுத்தால் படம் போய்விடும். அதனால் அவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மரடோனா தன் பாதியில் பந்தை வாங்கி, இங்கிலாந்து ஆட்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு, கீப்பர் ஷில்டனையும் தாண்டி அடித்த அந்த கோலை நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். மாடியில் நின்றவர் பார்க்கவில்லை. எங்கள் கூச்சலை மட்டும்தான் கேட்டார்.

மறுநாள் காலையில் கிரவுண்டுக்கு வந்ததும் எங்களை வரிசையாக நிறுத்தினார். "எங்கே வாங்கினான்? எந்தப் பக்கம் திரும்பினான்? கீப்பர் எப்போ வெளியே வந்தான்?" அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் பத்துத் தடவை கேட்டிருப்பார். நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். கடைசியில் எங்களில் ஒருவனை மரடோனாவாக ஓடவிட்டு, தானே ஷில்டனாக நின்று, திரும்பத் திரும்ப விழுந்து பார்த்தார். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. "இன்னும் அரை அடி காத்திருந்தா பிடிச்சிருக்கலாம்டா" என்றார். எங்கள் ஏரியாவைக் குட்டி பிரேசில் என்று பேப்பரில் எழுதுகிறார்கள் இல்லையா, எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் அந்த முழங்கைதான் ஞாபகம் வரும்.

அப்புறம் 2020 நவம்பர் 25. நிவர் புயல் கரையைக் கடக்கிற ராத்திரி. கரண்ட் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். கதவைத் தட்டுகிற சத்தம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் பையோடு அண்ணன் நின்றார். "மரடோனா போயிட்டான்டா" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. "அறுபதுதான். என் வயசு" என்று மட்டும் சொன்னார். வேறு யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்? 1986-ல் அத்தை வீட்டு டிவி முன்னால் கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் போய்விட்டார்கள்.

அதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்னால், செப்டம்பர் 25-ம் தேதி, எஸ்.பி.பி. போனார். கொரோனா நேரம், கூடி அழக்கூட வழியில்லை. மறுநாள் தாமரைப்பாக்கத்தில் அடக்கம். செங்குன்றம் தாண்டினால் வந்துவிடுகிற ஊர், போக முடியவில்லை. என் மனைவி அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்தக் குரல் என்றால் அவளுடைய அப்பா. டீக்கடை ரேடியோவில் ஒரு பாட்டு வந்தால், சைக்கிளை நிறுத்தி, பாட்டு முடிகிற வரை பின்னால் உட்கார்ந்திருந்த மகளையும் இறங்கவிடாமல் கேட்பாராம். பார்த்துப் பழகாத ஒருவருக்காக நாம் ஏன் இப்படி உடைந்து போகிறோம் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அவர்களை நமக்குக் கொண்டுவந்து காட்டியவர்கள் நம் வீட்டிலும் தெருவிலும் இருந்தவர்கள். அந்தப் பெரிய ஆள் போகும்போது, காட்டியவர்களும் இன்னொரு தடவை போகிறார்கள்.

எனக்கு முகமது அலியைக் காட்டியது என் அப்பா. 1980-ல் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆர். வந்திருந்தார். பின்னி மில்லில் ஷிப்டு முடித்துவிட்டு வந்த அப்பா, பதினாலு வயசுப் பையனான என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குத் தூரத்தில் வெள்ளை டிரவுசர்தான் தெரிந்தது. திரும்பி நடந்து வரும்போது அப்பா அலியைப் பற்றிப் பேசவே இல்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப பரம்பரை என்று நம் பக்கத்துக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் அந்தக் காலத்து ஆட்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். கித்தேரி முத்து பெயரைச் சொல்லும்போது ரோட்டிலேயே நின்று, தோளை இறக்கி, அவர் குத்து எப்படி விழும் என்று காட்டினார். யார் எந்த ரவுண்டில் விழுந்தார், யாருக்கு எத்தனை தையல், எல்லாம் சொன்னார்.

2016 ஜூனில் அலி இறந்தபோது அந்தக் கதைகளை மறுபடி கேட்க வேண்டும் போல இருந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அலியைப் பற்றி உலகம் முழுக்க எழுதினார்கள். அப்பா சொன்ன ஆட்களில் எனக்கு மிச்சமிருப்பது நாலு பெயர். அதில் இரண்டு பேர் எந்தப் பரம்பரை என்று இன்றைக்குக் கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த வலியோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணன் சாவன்றைக்கு ராத்திரி மூன்று மணி இருக்கும், உங்களில் ஒரு தம்பி ஒரு பாட்டுப் பாடினான். டோலக்கும் சட்டியும் மட்டும். யார் சொன்னார்களோ, எங்கே கேட்டானோ, அண்ணன் இடது கையால் பந்தைத் தட்டிவிடுகிறதும், ஜெயித்த காசில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்ததும், அந்த ஆன்டெனா கதையும்கூட அதில் வந்தது. அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஃப்ளெக்ஸில் இல்லாத மனிதர் முழுசாக அந்தப் பாட்டில் இருந்தார். மறுநாள் அந்தத் தம்பியைத் தேடிப் போய், ஒரு தடவை சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்றேன். "அண்ணே, அது அந்த நேரத்துக்கு வந்தது, இப்போ வராது" என்றான். உண்மையாகவே அவனுக்கு வரவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த நாற்பது பேர் கையிலும் போன் இருந்தது. ஒருவரும் பதிவு செய்யவில்லை, நானும்தான்.

புல்புல்தாரா வாசித்துப் பாடிய பழைய ஆட்கள் நம் ஏரியாவில் எத்தனை பேர் கேசட்டில் வராமலே போனார்கள் என்று உங்கள் தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள். அதனால் இனிமேல் மரண கானா பாடும்போது, வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒருவர் போனை ஆன் செய்து ஓரமாக வையுங்கள். பாட்டு யாருக்காக, பாடியது யார், என்ன தேதி, மூன்றையும் கடைசியில் வாயால் சொல்லிவிடுங்கள். அது போதும்.

கேரம் கிளப்புகளுக்கும் இதையேதான் சொல்வேன். மரிய இருதயத்துக்கு 1996-ல் அர்ஜுனா விருது கிடைத்ததும், 2024-ல் நம் காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதும் பேப்பரில் இருக்கிறது. பவுடர் போட்டு, பல்பு கட்டி, காசு வாங்காமல் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஆட்கள் எந்தப் பேப்பரிலும் இல்லை. அறுபது தாண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

அண்ணனைக் கொண்டுபோன அதே மூலக்கொத்தளத்தில்தான் தாளமுத்து, நடராசன் நினைவிடம் இருக்கிறது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போய் 1939-ல் இறந்தவர்கள். அன்றைக்கு வெளியே வரும்போது உங்களில் ஒரு பையன் அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, கிளப் ஷெட்டில் ஆணியில் தொங்குகிற எங்கள் அணியின் 1988-ம் வருஷத்துப் படத்துக்கு வருகிறேன். போன வாரம் அதைக் கழற்றித் துடைத்தேன். ஈரம் ஏறி ஒரு மூலை வெள்ளையாகிவிட்டது. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை மட்டும்தான். பதினோரு பேரில் எட்டுப் பேர் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டேன், பேனா மை ஊறும். மூன்று பேர் தெரியவில்லை. அண்ணன் இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

நிற்பவர்களில் இடமிருந்து இரண்டாவது ஆள், வலது முழங்காலில் கட்டு. கடைசி ஆள் ரொம்ப உயரம், சட்டையில் எண் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களில் நடுவில் ஒரு சின்னப் பையன், பதினாறு வயசு இருக்கும், பூட்ஸ் இல்லாமல் வெறும் காலோடு பந்தைப் பிடித்திருக்கிறான். உங்கள் அப்பாவோ மாமாவோ யாரென்று சொன்னால் வந்து சொல்லுங்கள். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குப் படத்தோடு கிரவுண்டில் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ரைட் பேக்