ஜான்சனின் கோதுமையும் எங்கள் குறுவையும்

ஐயா,

முன்னாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1964-இன் குடிமை உரிமைச் சட்டம், 1965-இன் வாக்குரிமைச் சட்டம், முதியோருக்கான மெடிகேர் காப்பீடு ஆகியவற்றைப் பாராட்டி, வியட்நாம் போரைக் கறையாகக் காட்டியிருந்தார் கட்டுரையாளர். சரி, ஆனால் ஜான்சனுடைய வெளியுறவுக் கொள்கை வியட்நாமோடு முடிந்துவிடவில்லை. 1965, 1966-இல் இந்தியாவில் மழை பொய்த்தபோது பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் லட்சக்கணக்கான டன் கோதுமை அனுப்பியவர் அவர். அதையும் மொத்தமாகத் தராமல், மாதக்கணக்கில் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார். நாம் வேளாண்மையைச் சீர்திருத்த வேண்டும் என்ற நெருக்குதலும், வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததில் எழுந்த கோபமும் அதில் கலந்திருந்தன. பசித்தவனுக்கு அளந்து அளந்து இட்டதையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

அப்போது நான் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிச் சிறுவன். நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்ற மண்ணில் அம்மா ரேஷன் கோதுமையைக் கஞ்சியாகக் காய்ச்சித் தந்தார். அப்பாவுக்கு அது பெரிய மனவருத்தம். அப்புறம் அவர் குறுவைப் பருவத்துக்கு ஆடுதுறை 27 என்ற அதிக விளைச்சல் தரும் நெல் ரகத்தை நட்டார். வீட்டில் மறுபடி சோறு வெந்தது. அன்று வயலில் நின்ற டெல்டா விவசாயிகள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே நேரில் கண்டு பேசி, அந்த நினைவுகளைத் தாங்கள் தொடராக வெளியிட வேண்டும்.

- ஒரு விவசாயி, கும்பகோணம்