பாஸ்தா இல்லாமல் ஒரு தட்டு கொடுங்கள்

ஊட்டியிலும் குன்னூரிலும் இத்தாலிய உணவகம் நடத்தும் எல்லோருக்கும் வணக்கம்.

எந்தக் கடையின் பெயரையும் சந்திக்கு இழுக்க இதை எழுதவில்லை. நடந்தது ஒரு கடையில்தான், ஆனால் பாஸ்தாவுக்குப் பதில் காய் கேட்டால் "செட் டிஷ் சார், மாத்த முடியாது" என்ற அதே பதிலை இந்த மலையில் மூன்று நான்கு இடங்களில் கேட்டுவிட்டேன். அரிசியும் மைதாவும் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் வாரத்துக்கு எத்தனை பேர் உங்கள் மேசையில் உட்கார்ந்து மெனுவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் சர்க்கரை நோயைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த என் மகள் முதல் சம்பளத்தோடு ஊருக்கு வந்தாள். அம்மாவுக்குச் சேலை, எனக்கு ஸ்வெட்டர், ஞாயிறு மதியம் மூன்று பேரும் வெளியில் சாப்பாடு என்று அங்கேயிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருக்கிறாள். காலேஜில் படிக்கும்போதே அவளுக்கு இத்தாலியச் சாப்பாடு பிடித்துப்போயிருந்தது. "அப்பாவுக்கு அங்க என்ன கிடைக்கும்?" என்று என் மனைவி கேட்டாள். "கோழி இருக்கும், காய் இருக்கும், சீஸ் இருக்கும், பாஸ்தா மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டா போச்சு" என்றாள் மகள். அவள் சொன்னது சரி. அந்தச் சமையலறையில் எல்லாமே இருந்தது. கேட்டும் கொடுக்கவில்லை.

எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.4 இருந்ததை, டாக்டர் சொன்னபடி மாத்திரையோடு மாவுச்சத்தையும் குறைத்து ஒன்றரை வருடத்தில் 6.8க்குக் கொண்டுவந்திருக்கிறேன். தோட்டத்தில் மற்றவர்கள் வர்க்கியும் டீயும் சாப்பிடும்போது நான் வெறும் டீயோடு நிற்பேன். அப்படி இறக்கிய எண் அது.

மெனுவில் காளான் சாஸோடு சுட்ட கோழி இருந்தது, பாஸ்தாவின் மேல் வைத்து. பாஸ்தாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏதாவது காயை வதக்கி வைத்துத் தருவீர்களா, முழு விலையும் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டேன். "பேலியோ டயட்டா சார்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போன தம்பி, திரும்பி வரும்போது சிரிக்கவில்லை. முடியாதாம். வேண்டுமானால் பாஸ்தாவை ஒதுக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். சாலட்? லெட்யூஸ் தீர்ந்துவிட்டது. சரி, காளான் சூப்பில் மைதாவோ கார்ன்ஃப்ளவரோ போடுவீர்களா என்று கேட்டேன், ஒரு முறை இல்லை, இரண்டு முறை. "இல்ல சார், வெறும் கிரீம்தான்."

நம்பிக் குடித்தேன். முக்கால் கிண்ணம் முடிந்தபோதுதான் கவனித்தேன், ஆறிப்போன மிச்சத்தின் மேல் ஏடு கட்டியிருந்தது, கிண்ணத்தைச் சாய்த்தால் போஸ்டர் ஒட்டக் காய்ச்சிய பசை மாதிரி மெதுவாக நகர்ந்தது. அப்புறம் கோழி வந்தது. பாஸ்தாவை ஒதுக்கிவிட்டுக் கோழியை மட்டும் சாப்பிட்டேன், ஆனால் அதன் மேல் ஊற்றியிருந்ததும் அதே பசைதான்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது மெஷினில் ரத்தச் சர்க்கரை 117. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, இந்தக் குளிரில் விரல் விறைத்து ரத்தம் வராமல், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, இரண்டாவது குத்தில் வந்த ஒரு சொட்டை வைத்துப் பார்த்தால் 223. நான் மெஷினை மடியில் கவிழ்ப்பதற்குள் மகள் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. "நான்தானேப்பா கூட்டிட்டுப் போனேன்" என்று மட்டும் படுக்கப் போகும்போது சொன்னாள். முதல் சம்பளம் வாங்கிய பெண்ணின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைத்தான் என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. சூப்பில் என்ன சேர்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஒரு தட்டில் எதை எதோடு வைக்க வேண்டும் என்று முறை இருக்கிறது, அதை மாற்ற முடியாது என்று உங்களில் ஒருவர் முன்பு என்னிடம் சொன்னார். இத்தாலியில் முறை அது இல்லை, ஐயா. அங்கே பாஸ்தாவும், ரிசோட்டோ என்ற அரிசிச் சாப்பாடும் 'ப்ரீமோ' என்று முதலில் தனியாக வரும். கறியும் மீனும் 'செகோந்தோ' என்று அதற்குப் பிறகு. காய்கறி 'கொந்தோர்னோ', அதையும் தனியாகத்தான் கேட்டு வாங்குவார்கள். பாஸ்தாவின் மேல் கோழியை வைத்துத் தருவது அந்த ஊர் வழக்கமே கிடையாது. நான் கேட்ட தட்டுதான் இத்தாலிக்காரர்களின் வழக்கத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. தக்காளி, மொஸரெல்லா, பேசில் இலை மூன்றையும் அடுக்கி ஆலிவ் எண்ணெய் ஊற்றினால் காப்ரேசே. காய் போட்ட முட்டை ஃப்ரித்தாத்தாவில் மாவே கிடையாது. ரோமில் ஆல்ஃபிரெடோ பாஸ்தாவுக்கு வெண்ணெயும் பார்மசான் சீஸும்தான், மைதா இல்லை. அடுக்கு பாஸ்தாவான லசான்யாவுக்கு மைதா சேர்த்த வெள்ளை சாஸ் அங்கேயும் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. போடுங்கள், போட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் கேத்திப் பக்கம் இங்கிலீஷ் காய்கறி போடுகிறவன். சுகுனி (வெள்ளரி மாதிரி நீளமான பூசணி வகை), புரூக்கோலி, லெட்யூஸ், செலரி, லீக்ஸ். சுகுனியை ஒரு சாணுக்கு மேல் வளரவிட்டால் எடுக்க ஆள் இருக்காது, அதனால் பனி காயுமுன் இறங்கி, அந்தச் சொரசொர இலை முழங்கையைக் கீறக் கீற, பூ நுனியோடு அறுத்துப் பெட்டியில் அடுக்குவோம். அது மேட்டுப்பாளையம் இறங்கி சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் அங்கே இத்தாலியத் தட்டில் ஏறுகிறது. விலை விழுந்த வாரம் தோட்டத்திலேயே உழுதும் விட்டிருக்கிறோம். என் தோட்டத்திலிருந்து சில மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு "லெட்யூஸ் தீர்ந்துடுச்சு, காய் தனியா கிடையாது" என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. உலர்ந்த பாஸ்தா 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அதே எடை சுகுனியில் சுமார் 3 கிராம். எங்கோ அடைத்த பாக்கெட்டை மலை ஏற்றிக் கொண்டுவர முடிகிறது, பக்கத்து வயலில் இருப்பதை வாணலியில் போட மட்டும் முடியவில்லையா?

குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெஸ் வைத்திருக்கும் அக்காவிடம் "சோறு வேண்டாம்க்கா" என்றால், ஒரு வார்த்தை கேட்காமல் கோஸ் பொரியலை இரண்டு கரண்டி கூடப் போட்டு ஒரு ஆம்லெட்டும் வைப்பார். அவருடைய சாப்பாடு உங்கள் விலையில் கால் பங்கு கூட வராது. சீசனில் கூட்டம் நெரிகிறது, ஆளுக்கு ஒரு மாதிரி சமைக்க முடியாது என்பீர்கள். அவர் கடையிலும் சீசனில் கூட்டம்தான். இந்த மலையில் ஹோட்டலுக்குப் போனாலே சூப் என்றால் கார்ன்ஃப்ளவர், சாலட் என்றால் இனிப்பு சாஸ், சுட்ட மீன் என்றால் அடியில் உருளைக்கிழங்கு மசியல். சர்க்கரை இருக்கிறவன் வீட்டிலேயே கிடக்கட்டும் என்றுதான் நினைக்கிறார்கள் போல. 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. அத்தனை பேரும் எங்கே போய்ச் சாப்பிடுவது?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். பத்துக் கிளைகளும் அதற்கு மேலும் வைத்திருக்கிறவர்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்று 2022 ஜூலை முதல் விதி இருக்கிறது. ஒற்றைக் கடை நடத்துகிற உங்களுக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தெரியும், கலோரி எண்ணும் நான் கேட்கவில்லை. பாஸ்தாவுக்குப் பதில் காய் வைத்து ஒரு தட்டு. சூப்பிலும் சாஸிலும் மைதா, கார்ன்ஃப்ளவர், சர்க்கரை சேர்ந்திருந்தால் மெனுவில் அந்தப் பெயருக்குக் கீழே ஒரு வரி. கேட்டால் உள்ளே போய் விசாரித்து உண்மையைச் சொல்கிற அளவுக்குப் பரிமாறுகிற பிள்ளைகளுக்குப் பழக்கம். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். தட்டுக்கு விலையைக் குறைக்க வேண்டாம். பாஸ்தாவுக்கு உள்ள காசையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மகள் மறுபடியும் வருகிறாள். வேறு எங்கேயும் வேண்டாம், வீட்டிலேயே சமைக்கலாம் என்று இப்போதே போனில் சொல்கிறாள். நான் அவளை அதே கடைக்குத்தான் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுகிறேன். சுகுனி இல்லை என்றால் சொல்லுங்கள், காலையில் அறுத்ததை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கேத்தியிலிருந்து ஒரு காய்கறி விவசாயி