இருட்டறை ஞாபகமும் மேகலையின் விண்ணப்பமும்

குகை, சேலம்

அன்புள்ள வேலு,

நலம்தானே? நீ அனுப்பிய மிளகும் கடிதமும் போன வாரமே வந்துவிட்டன. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் மேகலை. அவள் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். வீடே அதைச் சுற்றித்தான் ஓடியது. நேற்று ராத்திரி அனுப்பி முடித்தாள். இன்று காலையில் காப்பி குடித்த கையோடு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மழை பெய்து தோட்டமெல்லாம் காப்பி பூத்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே வெயில் கொளுத்துகிறது. பத்து மணிக்கு மேல் ஸ்டூடியோ ஷட்டரில் கை வைக்க முடியவில்லை. மாம்பழம் இன்னும் சரியாக வரத் தொடங்கவில்லை. குண்டு ரக மாம்பழம் வந்ததும் ஒரு கூடை அனுப்புகிறேன். தொழில் பரவாயில்லை. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் போட வெள்ளிப் பொருட்களைப் படம் எடுக்க வருகிறார்கள். மற்றபடி பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் கடையை நடத்துகிறது.

இந்தக் கதையே அந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில்தான் ஆரம்பித்தது.

தை மாசத்தில் ஒரு நாள் மேகலையின் காலேஜில் படிக்கிற ஒரு தம்பி கடைக்கு வந்தான். பிறவியிலேயே பார்வை கிடையாது. மேகலைக்கு ஒரு வருஷம் ஜூனியர். அரசு வேலைத் தேர்வு ஒன்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும். போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். உனக்கும் தெரிந்திருக்கும், எல்லாத் தேர்வுக்கும் இப்போது இப்படி ஒரு கணக்கு உண்டு. போன வருஷம் எங்கோ ஒரு பிரவுசிங் சென்டரில் போய்ச் செய்திருக்கிறான். அவர்கள் படத்தை இப்படியும் அப்படியும் இழுத்து, முகம் நசுங்கிப் போனதை அப்படியே ஏற்றிவிட்டார்கள். விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. காரணம் என்னவென்று அவனுக்குத் தெரிய மூன்று மாசம் ஆகியிருக்கிறது. பாஸ்வேர்டையும், போனுக்கு வந்த ஓடிபியையும் முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லியும் இதுதான் பலன்.

நான் வெட்டி, அளவைக் குறைத்துக் கொடுத்தேன். இரண்டு நிமிஷ வேலை. காசு வேண்டாம் என்றேன். அவன் நன்றி சொல்லிவிட்டு, "அடுத்த தடவையும் உங்களைத்தான் தொந்தரவு பண்ணணுங்க அண்ணா. நானே பண்ணிக்கிற மாதிரி ஏதும் இல்லீங்களா?" என்று கேட்டான். தயங்காமல், சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேகலையின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி அவள் என்னைக் கூப்பிட்டு லேப்டாப் முன்னால் உட்கார வைத்தாள். திரையின் வெளிச்சத்தை முழுக்க அணைத்துவிட்டாள். "இப்ப ஒரு போட்டோவை வெட்டுங்கப்பா" என்றாள். முப்பது வருஷமாகப் படம் வெட்டுகிறவன் நான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளைப் போட்டிருந்தாள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத ஓர் இளைஞர் தொடங்கியது அது, இன்றைக்கும் இலவசம். டேப் விசையைத் தட்டத் தட்ட அது பேசியது: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." எந்த பட்டன், என்ன பட்டன் என்று ஒன்றும் கிடையாது. கத்தரிக்கோல் படம், தூரிகைப் படம் என்று வரைந்து வைத்தவர்கள் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. கடைசியில் படம் இருக்கிற இடத்துக்கு வந்ததும் அது பேச்சையே நிறுத்திவிட்டது.

ஏன் என்று கேட்டேன். பிரவுசருக்குள் ஓடும் இந்த எடிட்டர்கள் பெரும்பாலும் கேன்வாஸ் என்கிற பலகையில்தான் படத்தை வரைகின்றனவாம். பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கும் பொத்தானுக்கும் பிரவுசர் ஒரு கணக்கு வைத்திருக்கும், அதைத்தான் என்விடிஏ படிக்கும். பலகைக்குள் இருப்பது வெறும் புள்ளிகள். அங்கே வெட்டுகிற அளவைக் காட்டும் ஒரு சட்டம் இருக்கிறது, அதன் மூலையைப் பிடித்து இழுக்கலாம் என்பதெல்லாம் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற சேதி. எழுதுகிறவர்கள் மெனக்கெட்டு இன்னொரு வழியில் சொன்னால்தான் உண்டு.

வேலு, அந்த இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நம்ம பழைய இருட்டறை ஞாபகம் வந்துவிட்டது. பிரிண்ட் போடும்போதாவது சிவப்பு விளக்கு இருக்கும். பிலிமைக் கழுவுகிற டாங்கின் ரீலில் சுற்றும்போது அதுவும் இருக்காதே! கும்மிருட்டில் ரீலின் விளிம்பை விரலால் தடவி, பிலிமின் ஓரத்தைச் செருகி, வளைத்து, மெதுவாகத் திருப்புவோம். சரியாக ஏறினால் ஒரு சின்னச் சரசரப்பு, மடங்கினால் வேறு சத்தம். நீதான் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தாய். "கண்ணை மூடிக்கிட்டே செய், திறந்தா மனசு தேடும்" என்பாய். ஒரு கல்யாணத்தின் முழுப் படமும் நம் விரல் நுனியில் இருந்த ராத்திரிகள் அவை. படம் என்றால் கண்ணுள்ளவன் வேலை என்று யார் சொன்னது? நாம் பாதி வேலையைக் காதாலும் விரலாலும்தானே செய்தோம். இதைச் சொன்னதும் மேகலை குதித்து எழுந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்று ஒரு திட்டம், 2005-இல் இருந்து நடக்கிறது. திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள், எழுதும் குழுக்களோடு புதியவர்கள் சேர்ந்து, ஒரு வழிகாட்டியின் கீழ் சில மாசம் வேலை செய்ய வேண்டும். முன்பு மாணவர்களுக்கு மட்டும் இருந்தது, 2022-இல் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். உதவித்தொகையும் உண்டு. என்ன செய்யப் போகிறோம், எந்த வாரம் எதை முடிப்போம் என்று விவரமாக எழுதித் தர வேண்டும். மேகலை 350 மணி நேர வேலைக்குக் கேட்டிருக்கிறாள். பார்வை இல்லாதவர்களும், கை நடுங்குகிறவர்களும், நிறம் பிரிக்க முடியாதவர்களும் தாங்களே பயன்படுத்தும்படி பிரவுசரிலேயே ஒரு பட எடிட்டர். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். காலேஜ் லேபிலும் நூலகத்திலும் நம் இஷ்டத்துக்கு மென்பொருள் போட விடமாட்டார்கள், பிரவுசர் மட்டும் எங்கேயும் இருக்கும் என்பது அவள் எண்ணம்.

வெட்டுவதை எப்படிச் செய்யப் போகிறாள் என்று கேள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மவுஸே வேண்டாம். அம்பு விசையை ஒரு முறை தட்டினால் சட்டத்தின் ஓரம் ஒரு பிக்சல் நகரும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு தட்டினால் பத்துப் பிக்சல். நகர்த்தி நிறுத்தியதும் குரல் சொல்லும்: "அகலம் 413, உயரம் 531." நம்ம 35-க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால், அந்த அளவுதான். முதலில் ஒவ்வொரு தட்டலுக்கும் பேசுகிற மாதிரி வைத்திருந்தாள். அந்தத் தம்பியிடம் காட்டியபோது அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டான். பத்துத் தடவை தட்டினால் பத்து வாக்கியமும் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது விரல் நின்று அரை வினாடி கழித்து ஒரே ஒரு முறை சொல்லும். இதை உட்கார்ந்த இடத்தில் யோசித்துக் கண்டுபிடிக்கவே முடியாது வேலு. கூட உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். விண்ணப்பத்திலேயே உயிரான பத்தி அதுதான் என்று அவளிடம் சொன்னேன்.

இழுத்து நகர்த்தும் எந்த வேலைக்கும் இழுக்காமல் செய்ய இன்னொரு வழி இருக்க வேண்டும் என்று வலைத்தளங்களுக்கான அணுகல் விதிகளிலேயே இருக்கிறதாம். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். பட எடிட்டரில் இழுக்காத வேலை எது? அதனால்தான் இந்தப் பக்கம் யாரும் சீக்கிரம் வருவதில்லை போலிருக்கிறது.

நடுவில் ஒரு நாள் அழுதுவிட்டாள். விண்ணப்பத்தின் முதல் வடிவத்தை அந்தத் திட்டத்தின் வழிகாட்டி ஒருவருக்கு அனுப்பியிருந்தாள். முகம் சட்டத்துக்கு நடுவில் இருக்கிறதா, தலைக்கு மேல் இடம் இருக்கிறதா என்று கணினியே கண்டுபிடித்துச் சொல்லும் வசதியை இரண்டாம் வாரத்திலேயே போட்டிருந்தாள். அவர், இதைக் கடைசிக்குத் தள்ளு, முதலில் திறக்க, வெட்ட, அளவு குறைக்க, சேமிக்க இந்த நான்கும் முழுசாக வேலை செய்யட்டும் என்று எழுதிவிட்டார். தன் யோசனையையே வேண்டாம் என்கிறார் என்று இவளுக்குத் துக்கம். எனக்கு அவர் சொன்னது சரியென்றே பட்டது. ரீலில் பிலிம் சுற்றத் தெரியாதவன் பிரிண்டில் வித்தை காட்ட முடியுமா? ஆனால் முகம் பார்க்கும் யோசனையை விட்டுவிடாதே என்றும் சொன்னேன். கண் தெரியாத ஒருத்தனுக்குத் தன் முகம் சட்டத்துக்குள் சரியாக விழுந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. இரண்டு நாள் கழித்து அவளே அட்டவணையை மாற்றி எழுதினாள். அந்த வசதி இப்போது ஒன்பதாம் வாரத்தில் இருக்கிறது. படம் கணினியை விட்டு வெளியே எங்கேயும் போகாமல் உள்ளேயே பார்த்துச் சொல்லும்படி செய்யப் போகிறாளாம். அதற்கு அந்தத் தம்பி பட்ட பாடுதான் காரணம்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. 1989-இல் நீ வேலைக்கு மெடிக்கல் போனது ஞாபகம் இருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய். புள்ளி புள்ளியான வட்டத்தைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். எல்லோரும் 74 என்று படித்த இடத்தில் நீ 21 என்றாய். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அட்டையை 1917-இலேயே இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் கொண்டுவந்தார் என்று மேகலை இப்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரியாதவர்களுக்கு அதில் 21 தெரியும்படியே செய்திருக்கிறார்கள். நீ ஒன்றும் தப்பாகப் படிக்கவில்லை. உன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாய்.

கருப்பு வெள்ளையில் உன்னைப் போல் சாம்பல் நிறத்தின் படிகளைப் பிரித்தவன் நம் வட்டாரத்தில் இல்லை. கலர் வந்ததும் நீ தொழிலை விட்டு மலையேறியது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். தோட்டத்தில்கூட பழுத்த காப்பிப் பழத்தை நிறம் பார்த்துப் பறிக்காமல் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துப் பறிப்பாய் என்று உன் வீட்டில் சொன்னார்கள்.

மேகலை செய்து வைத்திருக்கும் மாதிரியில் வெட்டும் சட்டம் சிவப்புக் கோடு, சரியாக அமைந்தால் பச்சையாக மாறும். நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லக் கூடாது என்பதும் அந்த விதிகளில் ஒன்று. அதை அவள் படித்திருக்கிறாள். படித்தும் இப்படிச் செய்திருக்கிறாளே என்று கேட்டேன். "வேலு பெரியப்பாகிட்டக் காட்டினா உடனே தெரிஞ்சிடும்ல" என்றாள். கோட்டைத் தொடர்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு என்று மாற்றலாமா, பக்கத்தில் எழுத்திலேயே சொல்லலாமா என்று நாலைந்து வடிவம் வரைந்து வைத்திருக்கிறாள். எது உன் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடுகிறது என்று நீதான் சொல்ல வேண்டும். சங்கடப்பட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதே. அவளுக்கு வேண்டியது அது இல்லை.

முடிவு வர இன்னும் சில வாரம் ஆகும். கிடைக்காவிட்டாலும் வெட்டுவது, சேமிப்பது இந்த இரண்டையாவது முடித்து அந்தத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்கிறாள். வருகிற தேர்வு விண்ணப்பத்துக்கு அவன் என் கடைக்கு வரக் கூடாது என்பது இப்போது எங்கள் இருவருக்கும் ஆசை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏற்காடு வருகிறாள். அந்தத் தம்பியும் கூட வருகிறான், காப்பிப் பூ வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். இருபது வளைவையும் தாண்டி வருவதற்குள் மேகலைக்குத் தலை சுற்றும், எலுமிச்சம்பழம் இருந்தால் எடுத்து வை. லேப்டாப்பில் சார்ஜ் நிற்பதில்லை, கரண்ட் இருக்கிற அறையாகப் பார்த்து உட்கார வை. நாயைக் கட்டிப் போட மறந்துவிடாதே.

அன்புடன்,
சண்முகம்