தாய்லாந்து வேலை பற்றி

தாராவி, மும்பை

அன்புள்ள மகனுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய விளம்பரத்தை நாலைந்து தடவை படித்தேன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் 80,000 ரூபாய், டிக்கெட்டும் தங்குமிடமும் இலவசம், பத்து நாளில் கிளம்பலாம். டைப்பிங் டெஸ்டில் தேறிவிட்டேன் என்று நீ போனில் சொன்னபோது உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அதே சந்தோஷத்தோடு நானும் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

இதை உன்னிடம் சொன்னதே இல்லை. 1996-இல் நான் குர்லாவில் ஒரு பட்டறையில் வெல்டர். சவுதிக்கு ஆள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போனேன். அந்தேரியில் டிரேட் டெஸ்ட் வைத்தார்கள். பைப்பை முழுச் சுற்றும் ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன். பார்த்துக்கொண்டு நின்றவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். டெஸ்ட் நிஜமாக நடந்ததே, வேலையும் நிஜமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 25,000 கட்டினேன். ரசீது கேட்கவில்லை. பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டேன்.

கிளம்ப வேண்டிய நாளில் பெட்டியோடு போனால் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது, போர்டைக் காணோம். படியில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் ராமநாதபுரத்துப் பையன்கள், ஊருக்குத் திரும்பக் கையில் காசில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, சோறு போட்டாள். சங்கிலியை மீட்க மூன்று வருஷம் ஆயிற்று.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் 1983-ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரியும். நீ அனுப்பியதில் ஒரு செல் நம்பர்தான் இருக்கிறது. ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாய், வரி தனி, அதற்கும் ரசீது தர வேண்டும். இவர்கள் 'பிராசஸிங்'குக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்களே!

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பத்தாவது தேறாமல் வளைகுடாவுக்குப் போகிறவர்களின் காகிதங்களைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் என்ற அரசு அலுவலகம் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். நீ பட்டதாரி, உன் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. படித்த பிள்ளைகளை வலைபோட்டுப் பிடிப்பவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன நம் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2022-இல் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். உனக்கும் 'போய் இறங்கியதும் விசா' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த விசாவில் அங்கே வேலை பார்க்கவே முடியாது, ஐயா.

வெளிநாடே போகாதே என்று நான் தடுக்கவில்லை. நீ போய் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உன்னைவிட அதிகம். கம்பெனியின் முழுப்பெயர், பதிவு எண், வேலை ஒப்பந்தம் மூன்றையும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. பாதுகாவலர் அலுவலகம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் விதேஷ் பவனில் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து பக்கம்தான். திங்கட்கிழமை காலையிலேயே போய் விசாரித்துவிட்டு வருகிறேன். அதுவரை பணமும் பாஸ்போர்ட்டும் உன் கையை விட்டுப் போகக் கூடாது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றுகூடச் சங்கிலியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்புடன்,
அப்பா