யூதாஸ் வேஷம் கட்டின அண்ணனுக்கு

அண்ணே,

ஊரே உன்னை பாஸ்டரய்யா என்கிறது. எனக்கு அது வாயில் வரவில்லை. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. உன் சபையார் யாராவது படித்துவிட்டு உன்னிடம் காட்டுவார்கள் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவின் முதலாண்டுப் பூசைக்கு நீ வரவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குத்திக்காட்டவா எழுதுகிறாய் என்பாய். ஆமாம், குத்திக்காட்டத்தான்.

அன்று ராத்திரி டிரங்குப்பெட்டியில், இயேசுவின் பாடுகளை அப்பா ஊரில் நாடகமாய்ப் போட்ட பாஸ்கு நோட்டை எடுத்தேன். யூதாஸ் பக்கங்கள் மட்டும் உன் கையெழுத்து. அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த வருஷம் யூதாஸ் வேஷம் நான் கட்டுகிறேன். மாதா வேஷத்தையே மேலத்தெருப் பையனுக்குக் கட்டின ஊர் இது. கோயில் சாமியாரிடம் நாலு தடவை நடந்தேன். சரி என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒத்திகை உனக்கு நினைவிருக்கும். உளுந்து பிடுங்கி முடித்த நேரம், ஆற்றில் மணல் மட்டும்தான். சாவடியில் ஒத்திகை. சோடா மூடிகளைச் சுத்தியலால் தட்டிச் செய்த, இயேசுவைக் காட்டிக்கொடுத்த கூலியான முப்பது வெள்ளிக்காசு, அப்பாயியின் சுருக்குப்பை. நீ ஒவ்வொன்றாய் எண்ணிப் போடுகிறாய். அப்பா கையைத் தூக்கினார். “இருபத்தேழுல நிறுத்துடா. மிச்சம் மூணு காசுக்கு ஜனம் மூச்சு விடாம நிக்கணும்.” நீ நிறுத்தினாய். டியூப்லைட் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த மூன்று காசையும் போடாமல் எழுந்து போய்விடு அண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீ போட்டாய். ஒன்று. இரண்டு. மூன்றாவதைப் போடும்போது உன் கை நடுங்கியது. ஒத்திகை முடிந்து அடிபைப்பில் முகம் கழுவாமல் அப்படியே உட்கார்ந்து அழுதாய். பாவசங்கீர்த்தனத்தில்கூட இப்படி அழுததில்லை என்று என்னிடம் சொன்னாய். எனக்கு மட்டும்தான் சொன்னாய்.

இப்போது உன் பிரசங்கத்தை யூடியூபில் கேட்கிறேன். கிரேக்கத்தில் ‘ஹுபொக்ரிதேஸ்’ என்றால் மேடை நடிகன், இயேசு ‘மாயக்காரரே’ என்று சபித்தது அந்தச் சொல்லால்தான் என்கிறாய். சொல் சரிதான். நம் கத்தோலிக்கக் கோயில் பைபிளில் அது ‘வெளிவேடக்காரர்’ என்றே இருக்கிறது, அப்பாவும் அதைப் படித்தவர்தான். ஆனால் இயேசு கடிந்துகொண்டது தெருமுனையில் நின்று ஜெபத்தை நடித்தவர்களை. எசேக்கியேல் நாலாம் அதிகாரத்தை நீ ஏன் எடுப்பதில்லை? செங்கல்லில் எருசலேமை வரை, இருப்புச்சட்டியை மதிலாக நிறுத்து, ஜனங்கள் பார்க்க 390 நாள் இடதுபக்கம் ஒருக்களித்துப் படு என்று தீர்க்கதரிசிக்குச் சொன்னது யார்? அது கூத்து இல்லையென்றால் எது கூத்து? பத்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மடங்களில் ஈஸ்டர் விடியலில் துறவிகள் கல்லறைக்கு வந்த பெண்களாக நின்றார்கள். “யாரைத் தேடுகிறீர்கள்?” என்று சம்மனசாக, அதாவது தேவதூதனாக, நின்றவர் பாட்டாகக் கேட்டார். அங்கே நாடகம் பீடத்தண்டைதான் முளைத்தது. அவ்வளவு தூரம் எதற்கு? உங்கள் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினவர். குறி சொல்ல வருகிற குறத்தியையே ஞானக்குறத்தி ஆக்கினார். திருச்சபையைத் தேவமோகினியாக நிறுத்தினார். சபைக்குள்ளும் சாதி வித்தியாசம் இருக்கலாம் என்றவர், அந்த விஷயத்தில் அவர் பக்கம் நான் நிற்க மாட்டேன். குறத்தி விஷயத்தில் நிற்பேன்.

கெட்டகுமாரன் திரும்பி வருகிற இடத்தில், தகப்பன் ஓடத் தொடங்குமுன் நீ மைக்கைத் தாழ்த்தி நிறுத்துகிறாயே, சபை மூச்சு விடாமல் நிற்கிறதே, அது யார் கொடுத்தது? இருபத்தேழாம் காசில் அப்பா கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு அவரை மாயக்காரர் என்கிறாய். இதை எழுதும்போது கை பதறுகிறது.

நீ நன்றாகப் பிரசங்கம் செய்கிறாய். அப்பா ஆஸ்பத்திரியில் ஹெட்போன் மாட்டிக் கேட்டார். கேட்டு என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம். நேரில் வந்தால் சொல்வேன்.

இனி என் விஷயம். 2004. வேஷம் கட்டமாட்டேன் என்று நீ போகத் தொடங்கிய அக்கரை ஜெபவீட்டில் சொல்லிவிட்டு, தாடி ஒட்டியிருந்தால் அக்கரைக்காரர்களுக்கு ஆள் தெரியாது என்று அந்தச் சனிக்கிழமையும் மேடை ஏறினாய். மறுநாள் காலையில் அங்கே போய்ச் சொன்னது நான்தான். யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதை எழுதவில்லை. அவர்கள் இன்றும் உன் சபையில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு வயது பதினாலு. உன் ஆத்துமாவுக்காகச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, நரகத்தை நினைத்தால் தூக்கம் வராது எனக்கு. ஆனால் முந்தின ராத்திரி அம்மாவின் நீலப் பட்டுப்புடவையை அந்த மேலத்தெருப் பையனுக்குக் கட்டிவிட்டார்கள். நான் கீழே பாயில் உட்கார்ந்திருந்தேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் சொன்னேன்.

அன்று உன்னை எல்லோருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டை. நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய், நான் உன் காதுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகாத அரிதாரம், விரலகலத்துக்கு ரோஸ் கோடு. நீ தலையைக் குனியக் குனிய அது எல்லோருக்கும் தெரிந்தது. யார் சொன்னது என்று நீ வீட்டில் கேட்கவே இல்லை. தெரிந்துதான் கேட்கவில்லையா? அதற்குப் பிறகு என் தலையில் குட்டியதுகூட இல்லை.

நீ எல்லோர் முன்னும் நின்றாய். அதனால் நானும் எல்லோர் முன்னும் சொல்கிறேன். மன்னித்துக்கொள் அண்ணே.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை, ராத்திரி ஒன்பது மணி. நீ வரமாட்டாய், தெரியும். யூதாஸ் புலம்பலில் மூன்றாவது அடிக்கு ராகம் பிடிபடவில்லை. நோட்டில் வரி இருக்கிறது, மெட்டை அப்பா எழுதி வைக்கவில்லை. உனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு அடியைப் பாடி வாட்ஸப்பில் அனுப்பு. பேச வேண்டாம், பாட்டு மட்டும் போதும்.

தங்கச்சி