தாச்சிங் எண்ணெய் ஒருவர் கண்டதல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சீன நிலவியலாளர் லி சிகுவாங் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஜப்பானில் கப்பல் கட்டப் படித்தவர் பர்மிங்காம் போய்ப் பாறைகள் பக்கம் திரும்பிய கதை சுவையாக இருந்தது. ஆனால் வடகிழக்குச் சீனாவின் பெரிய எண்ணெய் வயலான தாச்சிங்கை அவர்தான் கண்டுபிடித்தார் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது.

கடலடியில் படிந்த பாறையில்தான் எண்ணெய் உருவாகும் என்று பலரும் நம்பிய காலம் அது. சீனாவில் பெரிய அளவில் எண்ணெய் தேறாது என்று 1922இல் அமெரிக்க நிலவியலாளர் எலியட் பிளாக்வெல்டர் எழுதியும் விட்டார். கடல் சாராத படிவுகளிலும் எண்ணெய் பிறக்கும் என்று 1941இல் வாதிட்டவர் சீன நிலவியலாளர் பான் ஜோங்ஷியாங். தாச்சிங் எண்ணெயும் பழைய ஏரி வண்டலில் ஊறியதுதான்.

1950களில் தேடல் சூடுபிடித்தபோது லி நிலவியல் அமைச்சர். தொழில்நுட்பப் பொறுப்போ ஹுவாங் ஜிச்சிங், ஷியே ஜியாரோங் ஆகிய நிலவியலாளர்களிடம் இருந்தது. இதில் ஷியே எப்பேர்ப்பட்ட கைகாரர் என்பதற்கு 1946இல் கிழக்குச் சீனாவின் ஹுவாய்நானில் நடந்ததே சாட்சி. மேலே பார்த்தால் வண்டல் மூடிய சமவெளி, நிலக்கரியின் அடையாளமே இல்லை. பக்கத்துக் குன்றில் தலைகாட்டிய சுண்ணாம்புப் பாறையின் வயதையும் சாய்வையும் வைத்து, வண்டலுக்கு அடியில் நிலக்கரி ஓடும் என்று கணித்துத் துளையிடச் சொன்னார். கிடைத்தது, பெரிய வயல்!

அப்படிப்பட்டவருக்கு 1957இல் 'வலதுசாரி', அதாவது கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரானவர், என்று முத்திரை குத்தினார்கள். 1959 செப்டம்பர் 26 அன்று தாச்சிங்கின் சோங்ஜி 3ஆம் கிணற்றில் எண்ணெய் பாய்ந்தபோது அவர் பெயரை யார் வாய்திறந்து சொல்வார்கள்? கலாச்சாரப் புரட்சி தொடங்கிய 1966 ஆகஸ்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். 1982இல் தாச்சிங் கண்டுபிடிப்புக்குத் தேசிய அறிவியல் விருது தந்தபோது பட்டியலில் 23 பேர். லி, ஹுவாங், ஷியே மூவரும் அதில் உண்டு.

சரி, இதனால் லியின் பெருமை குறைந்துவிடுமா? வட சீனப் பாறைகளில் கிடைக்கும், கோதுமை மணி போன்ற ஃபியூசுலினிட் (அழிந்துபோன ஒருவகைக் கடல் ஒற்றைச் செல் உயிர்) புதைபடிவங்களை வகைப்படுத்தி 1927இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்றே போதும். நிலக்கரி அடுக்குகளின் வயதைச் சொல்ல அது உதவியது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

கட்டுரையாளர் அடுத்து ஷியேவைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
சேலம்